மணிமுடியும் குதிரைகளும்: டோல்கீன் படைத்த உலகில் கழுவாய்

செய்த தீங்குக்கு மனிதர் எப்படி ஈடு செய்கிறார்கள் என்ற கேள்வியோடு வந்திருக்கிறேன். சான்றாக நான் எடுத்துக்கொள்வது ஒருவர் கற்பனையில் உருவான ஓர் இனம்.

ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த டோல்கீன் (1892–1973) இளமையிலேயே மொழிகளை உருவாக்கத் தொடங்கியவர். குவென்யா என்ற மொழிக்கு 1915 அளவில் சொல்லகராதி எழுத ஆரம்பித்தார். அதைப் பேசும் மக்களின் வரலாறு அதனோடு வளர்ந்தது. அவர் மறைந்தபின், மகன் கிறிஸ்டோபர் 1977-இல் வெளியிட்ட 'சில்மரில்லியன்' அந்த வரலாற்றைச் சொல்கிறது.

அந்த இனத்தின் நோல்டோர் குலத்து ஃபெயனோர், களவுபோன தன் மணிகளை மீட்கக் கடல் கடக்க வேண்டியிருந்தது. கடற்கரைவாசிகளான டெலெரி மக்கள் கப்பல் தர மறுத்தார்கள். அவர்களில் பலரைக் கொன்று கப்பல்களைப் பறித்தான். அக்கரை சேர்ந்ததும், மாற்றாந்தாய் மகனான தம்பி ஃபிங்கோல்ஃபினை அழைத்துவரக் கப்பல் அனுப்பாமல் அவற்றை எரித்துவிட்டான். கைவிடப்பட்டவர்கள் பனிக்கட்டி மேல் நடந்தே வந்தார்கள். வழியில் பலர் மாண்டார்கள்.

ஃபெயனோர் இறந்தபின் மூத்த மகன் மைத்ரோஸ் மணிகளைத் திருடிய பகைவனிடம் சிக்கி, மலைமுகட்டில் ஒரு கையால் தொங்கவிடப்பட்டான். அவனை மீட்டவன் ஃபிங்கோல்ஃபினின் மகன் ஃபிங்கோன். பிழைத்து எழுந்த மைத்ரோஸ் சிற்றப்பனிடம் மன்னிப்புக் கேட்டான். அரசுரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தான். கப்பலில் வந்திருந்த குதிரைகளையும் இழப்புக்கு ஈடாகக் கொடுத்தான். தம்பிமாரில் சிலர் மனமொப்பவில்லை. ஆனாலும் அவன் பின்வாங்கவில்லை. தன் கையில் இருந்ததில் பெரியதை இழக்கத் துணிந்த இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. வெறும் வருத்தம் தெரிவித்திருந்தால் அந்தக் குலம் அன்றே இரண்டாகியிருக்கும்.

ஆனால் டெலெரி மக்களிடம் யார் போனார்கள்? பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள்தாம். மைத்ரோஸோ அவன் தம்பியரோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி அந்நூலில் இல்லை. நடந்த கொலையை வெகுகாலம் மறைத்தே வைத்தார்கள். டெலெரி மன்னன் ஓல்வேயின் அண்ணன் திங்கோலுக்கு அது தெரியவந்தபோது, கொன்றவர்களின் மொழி இனித் தன் காதில் விழக்கூடாது என்று ஆணையிட்டான். தன் நாட்டில் குவென்யாவை வெளிப்படையாகப் பேசத் தடை விதித்தான். நோல்டோர் அன்றாடப் பேச்சுக்குத் திங்கோலின் மக்களான சிந்தாரின் மொழியை ஏற்க, குவென்யா ஏட்டு மொழியாக ஒடுங்கியது. மொழிக்காகவே வாழ்ந்த ஓர் ஆசிரியர், தம் செல்ல மொழிக்கே இந்தத் தண்டனையை எழுதியிருக்கிறார்.

மணிகளை மீட்போம் என்று தந்தையோடு எடுத்த சபதத்தை மைத்ரோஸ் கைவிடவில்லை. அதனால் பிற்காலத்தில் இன்னும் இரண்டு முறை தன் இனத்தவர்மேலேயே வாளெடுத்தான். மணிமுடியைத் துறந்தவனால், குற்றத்துக்கு வேரான சபதத்தைத் துறக்க முடியவில்லை. அவன் செய்த கழுவாயை அரைக்கழுவாய் என்றே மதிப்பிடுகிறேன். சொந்தக் குடும்பத்தோடு அது நின்றுவிட்டது.

பகைவனுக்கு எதிரான கடைசிப் போரில், மேற்கிலிருந்து வந்த படைக்கு டெலெரியரில் சிலர் கப்பல் ஓட்டினார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட நோல்டோர் குடியேறிய அந்தக் கரையில் இறங்கிப் போரிடவில்லை. நியாயம் அவர்கள் பக்கமே இருந்தது.