பல இனக் கோழிகளை ஒரு கூட்டில் வளர்த்தல்

(பலர்மோ, சீசாவில் நடைபெற்ற சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"அங்கிள், புதுவருசத்துக்கு நீங்களும் பேச வேணும்" என்று சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். "எனக்குக் கோழியைத் தவிர வேறொன்றும் தெரியாது" என்றேன். "அதையே பேசுங்கோ" என்றுவிட்டார்கள். உங்களில் சிலபேர் இப்போது நகரத்துக்கு வெளியே வளவுள்ள வீடு பார்த்துப் போயிருக்கிறீர்கள். கோழி வளர்க்கிற ஆசையில் என்னிடம் விசாரிக்கிறீர்கள். ஆகவே நான் பட்டறிந்ததைச் சொல்லுகிறேன்.

இங்கே சீசா மாளிகைக்குக் கிட்ட, நான் பராமரிக்கிற இத்தாலிய அம்மாவின் வீட்டுக் கோடியில் ஒரு தேசிமரமும் கொஞ்ச நிலமும் இருக்கிறது. அதிலே முதலில் நாலு வெள்ளைக் கோழி வளர்த்தேன். இத்தாலியர் அதை லிவோர்னோ என்பார்கள். எங்களுக்கு அது புதுக்கோழி இல்லை. ஊரிலே முட்டைக்கு வளர்த்த வெள்ளை லெகோன் இருக்குதல்லவா, அதுதான் இது! லிவோர்னோ என்ற துறைமுகத்தின் பெயரை ஆங்கிலேயர் லெகோன் ஆக்கினார்கள். இன்னொரு புதினம் பாருங்கோ. அதன் காலிலே உள்ள மஞ்சள் நிறம் தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். எங்கடை பக்கத்துக் கால்தான்.

லிவோர்னோ நன்றாக முட்டையிடும். ஆனால் அடைகிடக்க அதுக்கு மனம் வராது. இதுக்காக மொறொசேத்தா என்ற இனத்தில் இரண்டு பேடு வாங்கினேன். இறகு பட்டுப்போல இருக்கும், தோல் கறுப்பு, காலில் ஐந்து விரல், தலையில் குஞ்சம். அடைகிடக்க அதைப்போல ஒன்று இல்லை. கூடவே, தலையில் முடி வைத்ததுபோலப் பூவுள்ள சிச்சிலியானா இரண்டும் வாங்கினேன். அது இந்தத் தீவின் சொந்தக் கோழி.

இனித்தான் என் மடைத்தனம். நாலையும் கொண்டுவந்து பட்டப்பகலில் பழைய கோழிகளுக்கு நடுவிலே திறந்துவிட்டேன். சிச்சிலியானா பறந்து மரத்தில் ஏறித் தப்பிவிட்டது. மொறொசேத்தாவுக்குப் பறக்கவும் ஏலாது, குஞ்சம் கண்ணை மறைப்பதால் கொத்த வருவதைக் காணவும் ஏலாது. நான் வேலை முடித்துப் பின்னேரம் வந்து பார்க்க, ஒன்றின் தலை முழுக்க இரத்தம். இரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் விடாது. இரண்டாம் நாள் அது செத்துப்போச்சு. மற்றது மரத்துக்குப் பின்னாலே தீனில்லாமல் ஒடுங்கிக் கிடந்தது.

வீட்டுக்கார அம்மாவின் மகன், "இது சரிவராது, மிச்சத்தையும் கொடுத்துவிடு, வெள்ளைக்கோழி மட்டும் நிற்கட்டும்" என்றார். கட்டிலில் கிடந்த அம்மாதான், "நிற்கட்டும். ஆனால் இன்னொன்று செத்தால் எல்லாத்தையும் அனுப்பிவிட வேணும்" என்றா.

அன்றிரவு ஊருக்கு ரெலிபோன் எடுத்தேன். என் தாயார் அப்போது உயிரோடு இருந்தா. கதையைக் கேட்டுவிட்டு, "என்னடா தம்பி, புதுக்கோழியைக் கட்டிப்போட்டுப் பழக்காமலோ விட்டனி?" என்று கேட்டா. எனக்கு வெட்கமாய்ப் போச்சு. ஊரிலே சந்தையால் கோழி வாங்கி வந்தால் காலில் கயிறு கட்டிக் கூட்டடியில் சில நாள் விடுவோமே! அது ஓடிப்போகாமல் இருக்க மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். பழைய கோழிகள் அதைப் பார்த்துப் பழகவும்தான் அந்தக் கயிறு.

அதுக்குப் பிறகு நான் செய்தது இதுதான், நீங்களும் செய்யுங்கோ.

முதலாவது, புதுக்கோழியை மூன்று நாலு கிழமை தூரத்தில் தனியாக வையுங்கோ. சளியோ பேனோ இருந்தால் தெரியவரும். பழைய கோழிகளுக்குத் தீன் வைத்த பிறகுதான் புதியதுக்கு வைக்க வேணும்.

இரண்டாவது, ஒரு கிழமையாவது கம்பிவலைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கமாக விடுங்கோ. காணட்டும், கொத்த ஏலாது.

மூன்றாவது, இருட்டின பிறகு கூட்டுக்குள் சேர்த்துவிட்டு, விடிய எழும்பிப் பக்கத்தில் நில்லுங்கோ. ஒன்றைத் தனியாக விடாமல் இரண்டு மூன்றாய் விடுவது நல்லது.

நாலாவது, தீனும் தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கோ. ஒளிய ஒரு பெட்டியோ பற்றையோ வேணும். பறக்காத இனத்துக்குப் பதிவான தடி. குஞ்சத்தைக் கண்ணுக்கு மேலே கத்தரித்துவிடுங்கோ.

இவ்வளவு செய்தாலும் கொஞ்சம் கொத்துப்படும். கோழிகளுக்குள் ஆர் பெரிது, ஆர் சிறிது என்ற வரிசை இருக்கிறது. அதை முதலில் ஆராய்ந்து எழுதினவர் நோர்வே நாட்டவரான செல்டெறுப் எப்பே, 1920களின் தொடக்கத்தில். புதுக்கோழி வந்தால் அந்த வரிசை குலைந்து திரும்ப அமைய வேணும். அதுக்கு நாள் எடுக்கும். இரத்தம் வராதவரை இடையில் புகாதேங்கோ.

சேவல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். நான் ஒன்று வைத்திருந்து, விடியப்புறம் நாலு மணிக்குக் கூவி அயலட்டை முழுக்கப் பகையாகப் பார்த்தது. மொன்றெயாலேயில் வளவுள்ள ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. வீட்டுக்கு நாலு கோழி என்றாலும், மிருக வைத்தியப் பகுதியில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கோ.

கடைசியாக அந்த மொறொசேத்தாவின் கதை. அடுத்த வசந்தத்தில் அது அடைக்குக் கிடந்தது. மொன்றெயாலேக்காரரிடம் லிவோர்னோ முட்டை ஏழு வாங்கி வைத்தேன். 21ஆம் நாள் ஐந்து குஞ்சு பொரித்தது. தன்னைக் கொத்தின இனத்தின் குஞ்சுகளைச் செட்டைக்குள் வைத்துக்கொண்டு, கிட்டப் போன பெரிய வெள்ளைக்கோழியைத் துரத்தினது பாருங்கோ! அதுக்குப் பிறகு ஒருவரும் அதிலே வாய் வைக்கவில்லை.

ஒரு குஞ்சைக் கையில் ஏந்திக் கொண்டுபோய் வீட்டுக்கார அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். கனநேரம் வைத்திருந்தா. ரெலிபோனில் படத்தைப் பார்த்த என் தாயார், "கருங்கோழிக்கு வெள்ளைக் குஞ்சோ?" என்று சிரித்தா. அவ சிரிச்சு நான் கேட்ட கடைசி முறை அது.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். கூடு கட்டப் பலகை வேணுமென்றால் கேளுங்கோ, வந்து உதவுகிறேன்.