வருஷத்திற்குப் பெயர் வைப்பது யார்?

(அடி அண்ணாமலையில் கூடிய பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஜாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் பேசுவான் என்று வந்தவர்களுக்கு, "இவன் வருஷத்தின் பெயரைப் பற்றி அல்லவா பேசுகிறான்" என்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனாலும் கடைசிவரை கேளுங்கள். நான் சொல்லுவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக் கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் இங்கேயே உதறிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தோழர்களே! வெளி தேசங்களில் ஒரு வழக்கம் இருக்கின்றது. வருஷம் முடிகிற தறுவாயில், "இந்த வருஷத்தில் நம் ஜனங்கள் பட்ட பாட்டையும் பெற்ற சுகத்தையும் ஒரே ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டுமானால் அது எந்த வார்த்தை?" என்று யோசித்து ஒன்றைப் பொறுக்குகிறார்கள். ஜெர்மனியில் அந்நாட்டு மொழிச் சங்கத்தார் 1971-ல் ஒரு தடவை இதைச் செய்து, 1977 முதல் வருஷந்தோறும் செய்து வருகிறார்கள். 1989-ல் பெர்லின் நகரத்துச் சுவர் திறந்தது. அந்த வருஷத்திற்கு அவர்கள் பொறுக்கிய வார்த்தை "பயணச் சுதந்திரம்" என்பது. 2015-ல் போருக்குத் தப்பி லட்சக்கணக்கான பேர் அந்நாட்டுக்குள் வந்தார்கள்; அந்த வருஷத்து வார்த்தை "அகதிகள்". அமெரிக்காவில் 1990 முதல் மொழி ஆராய்ச்சிக்காரர்கள் கூடி ஓட்டெடுத்துப் பொறுக்குகிறார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2024-ல் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்டு, "மூளை அழுகல்" என்று பொருள்படும் வார்த்தையை வெளியிட்டார்கள். ஓயாமல் கைப்பேசியில் கண்டதைப் பார்த்துப் பார்த்து மனிதன் புத்தி மழுங்கிப் போவதற்கு அந்தப் பெயர். தங்களைத் தாங்களே திட்டிக் கொள்ளவும் அவர்களுக்குத் துணிவு இருக்கிறது பாருங்கள்!

ஜப்பான் சங்கதி இன்னும் ருசியானது. அங்கே 1995 முதல், எழுத்துத் தேர்வு நடத்தும் ஒரு சங்கம் பொது ஜனங்களிடம் ஓட்டு வாங்கி, வருஷத்துக்கு ஒரே ஓர் எழுத்தைப் பொறுக்குகின்றது. அவர்கள் பொறுக்கும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. அந்த முதல் வருஷத்தில் கோபே நகரத்தில் பூகம்பம் வந்து ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஜனங்கள் பொறுக்கிய எழுத்துக்கு "நடுக்கம்" என்று பொருள். 2011-ல் கடல் பொங்கி ஊர்களை வாரிக் கொண்டு போயிற்று. அப்பொழுது பொறுக்கியது "பந்தம்" என்ற எழுத்து. மனிதனுக்கு மனிதன் துணையாய் நின்றான் என்பதற்காக. பொறுக்கிய எழுத்தைக் கியோட்டோ நகரத்தில் ஒரு பழைய பௌத்தக் கோயிலின் தலைமைக் குரு பெரிய தூரிகையால் எழுதிக் காட்டுவார். கவனியுங்கள், தோழர்களே! அங்கே ஜனங்கள் சொன்னதைக் குரு எழுதுகிறார். இங்கே குரு எழுதினதை ஜனங்கள் சொல்லுகிறார்கள்.

இதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அகராதி விற்கிறவன் தன் வியாபாரத்துக்காகவும் செய்கிறான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் முறையைப் பாருங்கள். வருஷம் நடந்து முடிந்த பிறகு, நடந்ததைப் பார்த்து, மனிதன் பெயர் வைக்கிறான். பிடிக்காவிட்டால் சண்டை போடலாம். அடுத்த வருஷம் வேறு ஓட்டுப் போடலாம்.

இனி நம் யோக்கியதையைப் பார்ப்போம். நமக்கு வருஷம் பிறப்பதற்கு முன்பே பெயர் பிறந்துவிடுகிறது. பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள். ஒன்றாவது தமிழா என்றால் இல்லை, அத்தனையும் சமஸ்கிருதம். இவை எப்படி வந்தன என்பதற்குப் புராணிகர்கள் சொல்லும் கதை 1910-ல் வெளிவந்த அபிதான சிந்தாமணியிலும் ஏறியிருக்கிறது. நாரதர் கிருஷ்ணனிடம் போய், "உனக்கு இத்தனை ஆயிரம் பெண்கள் இருக்கிறார்களே, எனக்கு ஒருத்தியைக் கொடேன்" என்று கேட்டாராம். "நான் இல்லாத வீட்டில் இருப்பவளை எடுத்துக் கொள்" என்றானாம். வீட்டுக்கு வீடு கிருஷ்ணனே இருந்தானாம். பிறகு நாரதரே பெண்ணாக மாறிக் கிருஷ்ணனோடு கூடி 60 பிள்ளைகள் பெற்றாராம். அந்தப் பிள்ளைகள்தான் நம் வருஷங்களாம்! இந்தக் கதையை உங்கள் பெண் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு சொல்ல உங்களால் முடியுமா? 60-ம் ஆண் பிள்ளைகள். ஒரு பெண் பெயருக்குக்கூட அதில் இடமில்லை.

"கதையை விடு, இது வியாழ கிரகத்தின் கணக்கு" என்று சில படித்தவர்கள் சொல்லுவார்கள். வியாழன் சூரியனை ஒரு முறை சுற்ற 12 வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகும். 5 சுற்றுக்கு ஏறக்குறைய 60 வருஷம். கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வடநாட்டில் வியாழன் ஒரு ராசியைக் கடக்கும் 361 நாளை ஒரு வருஷமாக வைத்து எண்ணுவதால், ஏறக்குறைய 85 வருஷத்துக்கு ஒரு பெயரைத் தாண்டிவிடுகிறார்கள். தெற்கே அப்படித் தாண்டுவதை எப்பொழுதோ விட்டுவிட்டோம். ஆகவே காசியில் ஒரு பெயரும் காஞ்சியில் ஒரு பெயருமாக ஒரே வருஷம் நடக்கிறது. பெயரில் பலன் இருக்கிறதென்றால் அது எந்தப் பெயரின் பலன்? ரயிலேறிப் போகிறவனுக்கு நடுவழியில் பலன் மாறிவிடுமா?

இந்தக் கணக்கால் காரியமாவது ஆகிறதா? "நான் தாது வருஷத்தில் பிறந்தேன்" என்று ஒருவர் சொன்னால் அது 1936-ஆ, 1996-ஆ? தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே அடையாளம்! நீங்கள் இந்த ஊரில் இருந்துகொண்டு பௌர்ணமிதோறும் பார்க்கிறீர்கள். ஆயிரம் பதினாயிரமாய் ஜனங்கள் உங்கள் வாசல் வழியாக 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேருகிறார்கள். நம் வருஷமும் அப்படியே 60 சுற்றிப் புறப்பட்ட இடத்தில் வந்து நிற்கிறது. திருவள்ளுவர் ஆண்டு என்று கிறிஸ்து ஆண்டோடு 31-ஐக் கூட்டி எண்ணினால் அது மேலே மேலே போகும், திரும்பி வராது. தையா சித்திரையா என்று 2008-ல் ஒரு சட்டம் வந்ததும், 2011-ல் அது நீக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அது வருஷம் எப்பொழுது பிறக்கிறது என்ற சண்டை. நான் கேட்பது, பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை யாருடையது என்பது.

தோழர்களே! இதில் என்ன கெடுதி என்று கேட்பீர்கள். கெடுதி இருக்கிறது, அதற்காகவே வந்தேன். 2024 சித்திரையில் பிறந்த வருஷத்திற்குக் குரோதி என்று பெயர். கோபக்காரன் என்று பொருள். அந்த வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, ஃபெங்கல் புயல் மழையில் இதே மலை சரிந்து, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். "குரோதி வருஷம், மலைக்குக் கோபம்" என்று சொல்லிக் கை கழுவுகிற புத்தி நம்மிடம் இருக்கிறதா, இல்லையா? மார்பில் கை வைத்துச் சொல்லுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள். மண்ணையும் பாறையையும் பார்த்தார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. மலைச்சரிவில் ஏழைகள் ஏன் வீடு கட்டிக் கொள்ள வேண்டியிருக்கிறது, தண்ணீர் இறங்கும் வழி எங்கே அடைபட்டது, முன்கூட்டி எச்சரித்து வெளியேற்ற யார் கடமைப்பட்டவர் என்று கேட்கவேண்டிய வாயைக் "குரோதி" என்ற ஒரு சொல் அடைத்துவிடுகிறது.

"தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964-ம் குரோதிதானே" என்று ஒரு ஜோசியர் எழுந்து கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஆழிப்பேரலை வந்த 2004 என்ன வருஷம்? தாரண, தாங்குவது என்று பொருள். யாரைத் தாங்கிற்று? சென்னை வெள்ளத்தில் மிதந்த 2015 மன்மத வருஷம்! வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்த 1943 சுபானு. நல்ல ஒளி என்று பொருள். பலித்ததை எண்ணுவதும் பலிக்காததை மறப்பதும்தானே ஜோசியம்? இடைக்காட்டுச் சித்தர் பெயரால் வருஷத்துக்கு ஒரு வெண்பாவைப் பஞ்சாங்கத்தில் அச்சடிக்கிறார்கள். அந்தச் சித்தர் நம் திருவண்ணாமலையில்தான் அடங்கினார் என்றும் சொல்லுகிறார்கள். 60 வருஷத்துக்கு ஒரு தடவை அதே வெண்பா அதே மழையைச் சொல்லுமானால், ஏரியும் அணையும் நமக்கு எதற்கு?

1876-ல் தொடங்கிய பஞ்சத்தை நம் பாட்டிமார் "தாது வருஷப் பஞ்சம்" என்றார்கள். சென்னை ராஜதானியில் பிணம் குவிந்தபோதும் தானியம் கப்பலேறிற்று. 1877-ல் டெம்பிள் துரை என்பவர், நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும் போதுமென்று கூலியைக் குறைத்தார். அரைக் கிலோவுக்கும் குறைவு! ஆனால் பழி யார் மேல் நின்றது? தாது மேல். துரை தப்பினார்; வியாபாரி தப்பினான்; வருஷம் குற்றவாளி ஆயிற்று. 1936-லும் 1996-லும் தாது மறுபடியும் வந்ததே, அந்தப் பஞ்சம் திரும்ப வந்ததா?

2026 சித்திரை முதல் எண்ணும் வருஷத்திற்குப் பராபவ என்று பெயர். தோல்வி, அவமானம் என்று பொருள். ஒரு ஜன சமூகம் முழுவதற்கும், வேலை தொடங்குமுன்பே "உனக்குத் தோல்வி" என்று நெற்றியில் எழுதி ஒட்டுவது எந்த நியாயம்? சுயமரியாதை உள்ளவன் இதைச் சகிப்பானா?

இனி நாம் செய்ய வேண்டிய காரியம் என்ன? வருஷ முடிவில் இந்த ஊரில் ஒரு பெட்டி வையுங்கள். ஆண் பெண் அனைவரும், ஊரும் சேரியும் ஒன்றாக வந்து, ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதட்டும். பிறகு பொதுவில் பிரித்துப் படித்து, அதிகம் பேர் சொன்னது எதுவோ அதை அந்த வருஷத்தின் பெயராக ஊர்ச் சுவரில் எழுதுங்கள். "மண்சரிவு" என்று வந்தால், ஏன் சரிந்தது என்ற கேள்வி கூடவே வரும். பஞ்சாங்கப் பெயர் கேள்வியை அடைக்கும். நீங்கள் வைக்கும் பெயர் கேள்வியைத் திறக்கும்.

நம் ஜில்லாவிலேயே தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில், 2023 ஜனவரி 30-ந் தேதி, அதுவரை உள்ளே விடப்படாதிருந்த ஆதிதிராவிடத் தோழர்கள் போலீசு காவலோடு மாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். கோயிலுக்குப் போவதால் வயிறு நிரம்பும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "நீ வராதே" என்று தடுக்க எவனுக்கும் பாத்தியதை இல்லை என்பது அன்று ருஜுவாயிற்று. பஞ்சாங்கத்தில் அது சுபகிருது. அந்த ஜனங்களைக் கேட்டிருந்தால் "நுழைவு" என்று சொல்லியிருப்பார்களா, மாட்டார்களா?

இன்னொன்று. ஜெர்மனியில் 1991 முதல், நாட்டுக்கே வெட்கமான ஒரு கெட்ட வார்த்தையையும் வருஷந்தோறும் பொறுக்கி அறிவிக்கிறார்கள். முதல் வருஷம் பொறுக்கியது, "அந்நியர் இல்லாத ஊர்" என்று பெருமையாகச் சொல்லிக் கொண்டவர்களின் வார்த்தையை. நாமும் இரண்டாவது பெட்டி ஒன்று வைப்போம். "தீட்டு", "தலைவிதி", "கீழ்ஜாதி" என்று போட வார்த்தைகளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. பொறுக்கிய வார்த்தையை அடுத்த வருஷம் இந்த ஊரில் எவரும் வாயால் உச்சரிப்பதில்லை என்று ஏற்பாடு செய்து கொள்ளுங்கள். வார்த்தை போனால் வழக்கமும் நாளடைவில் போகும்.

ஆகவே, தோழர்களே! பெற்றவன் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறான். உழுது, சுமந்து, அழுது, சிரித்து வருஷத்தை நடத்துகிறவர்கள் நீங்கள். பெயரையும் நீங்களே வையுங்கள்.