எலெக்ட்ரான் எங்கிருந்து, எங்கே?
(நுண்ணுயிரி ஆற்றலியல் கருத்தரங்கத் தலைமை உரை)



ஒரு பிடி மண்ணிலுள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதில் எந்தெந்த நுண்ணுயிரிகள் இருக்கின்றன என்று பட்டியலிடுவது இன்று பல ஆய்வுக்கூடங்களுக்கு எட்டிய வேலை. நம் கட்டுரைகள் பலவும் அந்தப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. பட்டியல் தேவைதான். ஆனால் ஓர் உயிரி எப்படிப் பிழைக்கிறது என்பதை அதன் பெயர் மட்டும் சொல்லிவிடாது. எலெக்ட்ரானை எதிலிருந்து எடுக்கிறது, எதனிடம் கொடுக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை இந்த அவையின் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

காற்று கிடைத்தால் ஈஸ்ட் கொஞ்சம் சர்க்கரையில் நிறைய வளர்கிறது, காற்று இல்லாவிட்டால் சர்க்கரையை வாரி இறைத்தும் கொஞ்சமே வளர்கிறது என்று கண்டவர் லூயி பாஸ்டர். நொதித்தலில் ஒரு குளுக்கோஸுக்கு ஈஸ்ட்டுக்கு நிகரமாகக் கிடைப்பது இரண்டே ஏ.டி.பி. மூலக்கூறுகள், மிச்ச ஆற்றலின் பெரும்பகுதி சாராயத்திலேயே தங்கிவிடுகிறது. ஆக்சிஜன் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்போது அதைப்போல் பல மடங்கு கிடைக்கிறது. 1880களில் செர்கெய் வினோகிராட்ஸ்கி, பெக்கியடோவா என்ற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை ஆக்சிஜனேற்றி வாழ்வதைக் காட்டினார். எலெக்ட்ரான் தர முடிந்தால் கனிமப் பொருளும் உணவே என்பது அன்று தெரிந்தது.

ஏ.டி.பி.யை 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமான் கண்டறிந்தார். அதே காலத்தில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயும், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியே கண்டறிந்தார்கள். சுவாசத்தில் அது எப்படி உருவாகிறது என்பதில்தான் சிக்கல். எலெக்ட்ரான் ஓட்டத்துக்கும் ஏ.டி.பி.க்கும் நடுவே ஓர் உயர் ஆற்றல் சேர்மம் இருந்தாக வேண்டும் என்று பலர் ஆண்டுக்கணக்கில் தேடினார்கள், அகப்படவில்லை. பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து பொருள்கள் எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்துவந்த பீட்டர் மிட்செல், அப்படியொரு சேர்மமே வேண்டியதில்லை என்று 1961இல் எழுதினார். எலெக்ட்ரான்கள் ஓடும்போது புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பும் வழியிலுள்ள நொதி ஏ.டி.பி.யை ஆக்குகிறது. எதிர்ப்பு நெடுநாள் நீடித்தது. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாக்களைப் பார்த்தால் மிட்செல் கருத்தின் முழு அருமை புரியும். அவற்றில் பல, ஹைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரானை எடுத்துக் கரியமில வாயுவிடம் கொடுத்து வாழ்கின்றன. சேற்றில் ஹைட்ரஜன் மிக அரிது. அதனால் ஒரு மீத்தேன் மூலக்கூறு உருவாகும்போது கிடைக்கும் ஆற்றல் ஒரு முழு ஏ.டி.பி.க்குக் காணாது. பாதி ஏ.டி.பி. என்று ஒன்றும் கிடையாது. ஆனால் சவ்வின் குறுக்கே அயனிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைக்கலாம். சில்லறை சேர்த்து நோட்டாக மாற்றுவது போன்ற வேலை இது.

இந்தப் பிழைப்புக்குப் பல நேரம் கூட்டாளியும் வேண்டும். மெத்தனோபாசில்லஸ் ஒமெலியான்ஸ்கியை என்ற பெயரில் வளர்க்கப்பட்டுவந்ததை, எத்தனாலிலிருந்து மீத்தேன் தரும் ஒரே உயிரி என்று நம்பியிருந்தார்கள். அது இரண்டு உயிரிகள் என்று 1967இல் மார்வின் பிரையன்ட் குழுவினர் காட்டினார்கள். ஒன்று எத்தனாலைச் சிதைத்து ஹைட்ரஜனை விடுகிறது. மற்றது அதை உடனே எடுத்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் தேங்கிவிட்டால் முதல் உயிரிக்கு அந்த வினையில் ஆதாயமே இல்லை.

நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் சான்று நெல்வயல். நீர் கட்டியதும் மண்ணில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. அடுத்து எலெக்ட்ரானை வாங்க நைட்ரேட், மாங்கனீசு, ஃபெர்ரிக் இரும்பு, சல்ஃபேட் என்று வரிசை இறங்குகிறது. அதிக ஆற்றல் தரும் பொருளைப் பயன்படுத்தும் உயிரி முந்திக்கொள்கிறது. மீத்தேனுக்குக் கடைசியில்தான் முறை வரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும்போது மண்ணுக்குள் காற்று புகுந்து ஃபெரஸ் இரும்பு மறுபடி ஃபெர்ரிக் ஆகிறது. மீண்டும் நீர் கட்டினாலும், இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் முதலில் எலெக்ட்ரானை எடுத்துக்கொள்வதால் மீத்தேன் தாமதப்படுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. காய்ந்து நனையும் மண்ணில் தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறலாம். நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பப்படுத்தும் திறன் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு. நைட்ரஸ் ஆக்சைடுக்கோ 273 மடங்கு. வயலை எப்போது காயவிடுவது, உரத்தை எப்போது இடுவது என்று முடிவு செய்ய எலெக்ட்ரானின் தடம் தெரிந்தாக வேண்டும்.

மருத்துவத்துக்கும் இதே கேள்வி உதவியிருக்கிறது. காசநோய்க் கிருமி பெருகாமல் உறங்கும்போதும் ஏ.டி.பி. இன்றி உயிர்தரிக்க முடியாது. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெடாகுயிலின், அக்கிருமியின் ஏ.டி.பி. ஆக்கும் நொதியையே முடக்குகிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார் என்பதை நினைத்தால் இதன் அவசரம் விளங்கும்.

கட்டுரையாளர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். உயிரியின் பெயரோடு, எலெக்ட்ரானைக் கொடுப்பது எது, வாங்குவது எது, அந்தச் சூழலில் மிஞ்சும் ஆற்றல் எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். மரபணு இருப்பதாலேயே வினை நடக்கிறது என்று ஆகாது; வாயுவையும் அயனியையும் அளந்து காட்டுங்கள். அடுத்து, வேளாண் துறையினரும் மருத்துவத் துறையினரும் ஒருவர் அமர்வில் மற்றவர் அமருங்கள். வயல் சேற்றுக்கும் நுரையீரலுக்கும் சவ்வின் கணக்கு ஒன்றுதான்.

கருத்தரங்கு இனிதே நடந்தேற வாழ்த்தித் தொடங்கிவைக்கிறேன்.