கடன் கேட்குமுன் போரின் ஆழம் பாருங்கள்

(கருணாபுரத்தில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் கூட்டமைப்பின் சார்பில் பேசியதின் எழுத்து வடிவம்)



கோடை வந்துவிட்டால் குழுக்களில் ஒரே கோரிக்கைதான். "போர்ல தண்ணி வரலைங்க. புதுசா போடணும், கடன் குடுங்க." தண்ணீர் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் உள்ளே தண்ணீர் இல்லையா, அல்லது மோட்டார் ஏற்றவில்லையா? இதைப் பார்க்காமலே போர் லாரியைக் கூப்பிட்டு விடுகிறோம். புது போரும் ஏமாற்றிவிட்டால் தவணை மட்டும்தான் மிஞ்சும்.

கோமுகி அணையின் முழு அளவு 46 அடி. மழை பெய்தால் "அணை எத்தனை அடி?" என்று எல்லோரும் கேட்கிறோம். நம்ம வீட்டு போரில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. இன்றைக்கு அதை அளக்கக் கற்றுக்கொள்வோம்.

கடலில் ஃபைபர் படகு ஓட்டுபவர்கள் ஆழம் பார்க்க எக்கோ சவுண்டர் என்ற கருவி வைத்திருப்பார்கள். அது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ஆழம் சொல்லும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். கருவி பழசாகித் தப்பாகக் காட்டினால் உடனே புதுசு வாங்கத் தேவையில்லை. முதலில் பேட்டரி, பிறகு வயர் இணைப்பு, பிறகு அடியில் இருக்கும் முனையில் ஒட்டிய பாசி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினால் கருவி சொல்வது மெய்யா பொய்யா என்று தெரிந்துவிடும். நம் போருக்கும் இதே வழிதான்.

போரில் தண்ணீர் மட்டம் பார்க்கும் கருவி வேறு மாதிரி. ஒரு சுருளில் நீளமான டேப் இருக்கும். அதற்குள் இரண்டு கம்பிகள். முனை தண்ணீரைத் தொட்டதும் மேலே விளக்கு எரியும், அல்லது பீப் சத்தம் வரும். பழைய கருவி கிடைத்து அது வேலை செய்யவில்லை என்றால் இப்படிப் பாருங்கள்:

1. புது பேட்டரி போடுங்கள். பேட்டரி உட்காரும் இடத்தில் துரு இருந்தால் சுரண்டுங்கள்.

2. முனையை ஒரு குடம் தண்ணீரில் விடுங்கள். சத்தம் வந்தால் கருவி நல்லாத்தான் இருக்கு.

3. வரவில்லை என்றால் முனையில் உள்ள சேறு, எண்ணெயைத் துடையுங்கள். டேப்பும் முனையும் சேரும் இடத்தைப் பாருங்கள். அடிக்கடி மடங்குவதால் கம்பி அங்கேதான் அறுந்துபோகும்.

4. தண்ணீர் எட்டுமுன்பே சத்தம் வந்தால் குழாயின் ஈரச் சுவரில் முனை படுகிறது. தூக்கி, உதறி, மெதுவாக இறக்குங்கள். இரண்டு முறை ஒரே அளவு வந்தால்தான் எழுத வேண்டும்.

5. டேப் அறுந்து ஒட்டுப்போட்டதாக இருந்தால் கணக்கு தப்பும். வேறு டேப்பை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவியே இல்லையா? மெல்லிய நைலான் கயிறு போதும். ஒரு சாண் நீளத்துக்கு மேல் மூடி, கீழ் திறந்த சிறு இரும்புக் குழாய்த் துண்டை நுனியில் இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீரைத் தொட்டதும் 'பொளக்' என்று சத்தம் கேட்கும். அங்கேயே நிறுத்திக் கயிற்றில் முடிச்சுப் போட்டு, வெளியே எடுத்து அளந்துவிடுங்கள். அதற்குக் கீழே விடாதீர்கள். மோட்டார் வயரில் சிக்கிக்கொள்ளும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் எதையும் இறக்க வேண்டும்.

காலையில் மோட்டார் போடுமுன் ஒரு அளவு. ஒரு மணி நேரம் ஓட்டி, நிறுத்தின உடனே ஒரு அளவு. மோட்டார் 300 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

காலையில் 120 அடியிலேயே தண்ணீர் நிற்கிறது, மோட்டாரும் ஓடுகிறது, ஆனால் மேலே வரவில்லை. அப்படியென்றால் தண்ணீருக்குக் குறையில்லை. குழாயில் ஓட்டை, தேய்ந்த பம்பு, குறைந்த மின்சாரம், இவற்றில் ஒன்றுதான். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். புது போரை விட இது மிகக் குறைந்த செலவு.

காலையில் 200 அடி, ஓட்டியபின் 300 அடிக்கு இறங்கிக் காற்று கக்குகிறது. ஊற்று மெதுவாக ஊறுகிறது. விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் எரிந்துபோகும்.

காலையிலேயே 300 அடிக்கு அருகில்தான் தண்ணீர். பக்கத்துக் கொல்லையிலும் அப்படியா என்று அளந்து பாருங்கள். நம்முடையது பாறை பூமி. பாறை வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரைத்தான் எடுக்கிறோம். எல்லா போரும் இறங்கியிருந்தால், பக்கத்திலேயே இன்னொன்று போடுவது ஒரே பானையில் இன்னொரு கரண்டி விடுவது மாதிரி.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை அளவு எடுக்கிறது. ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர். நாமும் அதே நான்கு முறை அளந்து குழு நோட்டில் எழுதிவைப்போம். இரண்டு வருடம் எழுதினால் நம்ம ஊர் தண்ணீர் எப்படிப் போகிறது என்று நமக்கே தெரியும்.

கைவிட்ட போர் இருந்தால் இன்றைக்கே இறுக்கமாக மூடிவிடுங்கள். 2019 அக்டோபரில் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை போரில் விழுந்து இறந்ததை நாம் மறக்கக்கூடாது.

ஆகவே சகோதரிகளே, போருக்குக் கடன் கேட்டு வரும் உறுப்பினர் மூன்று எண்களோடு வரட்டும்: போரின் ஆழம், மோட்டார் இருக்கும் ஆழம், காலைத் தண்ணீர் மட்டம். இதை உங்கள் குழுக் கூட்டத்தில் பேசித் தீர்மான நோட்டில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம். கடன் மறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்கும் கடன் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான்.