பேனை விரட்டுவோம், பிள்ளையை விரட்ட வேண்டாம்

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. பேனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது சிரிக்கிற விசயமில்லை. தலையில் பேன் என்று ஒரு பிள்ளையை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பினால் அது மறுநாள் வராது. ஒரு வாரம் போனால் வரவே வெட்கப்படும். பெண் பிள்ளைகளின் படிப்பு இப்படியும் நின்றுபோகிறது.

பேன் அழுக்கால் வருவதில்லை. அது பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேரும்போது ஊர்ந்து போகும். ஒரே காம்பிராவில் ஆறேழு பேர் நெருக்கிப் படுக்கிற லயத்தில் அது பரவாமல் என்ன செய்யும்? பங்களாப் பிள்ளைக்கும் பேன் வரும். ஆகவே தாயைக் குறை சொல்ல வேண்டாம்.

இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பாடசாலைகளில் வைத்தியப் பரிசோதனை வந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் பேன் பிடித்த பிள்ளைகளைச் சுத்தப்படுத்த அதிகாரம் கொடுத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் எல்லோர் முன்னும் தலையைக் கிளறினால், பேன் போனாலும் அவமானம் போகாது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஈர் ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும். அதனால் ஒரு தடவை மருந்து போட்டால் போதாது. டிஸ்பென்சரியில் கேட்டு, பெர்மெத்ரின் லோஷனைச் சொன்னபடி போடுங்கள். ஒன்பதாம் நாள் மறுபடி போடுங்கள். மருந்து கிடைக்காவிட்டால், தலையை நனைத்துப் பேன் சீப்பால் மூன்று நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரம் சீவுங்கள். ஒரு வீடு மட்டும் செய்தால் பக்கத்துக் காம்பிராவிலிருந்து திரும்ப வரும். லயம் முழுக்க ஒரே நாளில் செய்ய வேண்டும்.

மண்ணெண்ணெய் தடவாதீர்கள், அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். தேயிலைக்கு அடிக்கிற மருந்தைத் தலையில் வைக்கவே கூடாது; உயிருக்கே ஆபத்து. மொட்டை அடிக்கவும் தேவையில்லை. சொறிந்து புண்ணானால் டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

சங்கம் கேட்க வேண்டியவையும் உண்டு. பேனுக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்து அனுப்பக் கூடாது. தலை பார்ப்பதானால் தனியாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாடசாலை வைத்தியப் பரிசோதனை நம் பிள்ளைகளுக்கும் தவறாமல் நடக்க வேண்டும். டிஸ்பென்சரியில் மருந்து இருக்க வேண்டும். வேலை விட்டு வருகிற தாய் பிள்ளையின் தலையைக் கழுவ, பீலியில் தண்ணீர் வர வேண்டும். சீப்புப் பிடிக்க நமக்குத் தெரியும். தண்ணீரையும் இடவசதியையும் நிர்வாகம்தான் தர வேண்டும். இந்தக் கோரிக்கைகளை அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து வைப்போம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லா லயத்திலும் தலை சீவுகிற நாள். மாதர் தலைவிமார் வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்க வேண்டாம். எல்லோரையும் பாடசாலைக்கு அனுப்புங்கள்.