பிரம்பும் மதிப்பும்



“கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று சொல்லித்தான் நம் பெற்றோர் நம்மைப் பள்ளியில் சேர்த்தனர். பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஏக்கமே அச்சொல்லில் இருந்தது. ஆனால் பிரம்பு எல்லார் முதுகிலும் ஒன்றுபோல் விழவில்லை. மற்றவன் தவறினால் தவறுக்கு அடி. நம் பிள்ளை தவறினால் பிறப்பையும் சேர்த்து வசை. அடியின் வலி மாலைக்குள் ஆறியது. வசையோ பலரைப் பள்ளியை விட்டே விரட்டியது.

அண்ணல் அம்பேத்கர் சாத்தாராப் பள்ளியில் தனிச் சாக்கில் அமர்ந்தார். பியூன் இல்லாத வேளையில் தாகத்தோடிருந்தார். அதனைத் தண்டனை என்று எவரும் சொல்லவில்லை. பள்ளியின் ஒழுங்கு என்றே கொண்டனர். ஆகவே ஒழுங்கு என்று கேட்டதும், அது யாருக்கான ஒழுங்கு என வினவ நமக்கு உரிமையுண்டு.

இன்று சட்டம் நம் பக்கம் நிற்கிறது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, மாணவரைத் திருத்துவதற்காக உடலையோ உள்ளத்தையோ வருத்துதல் தடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அவ்விரண்டையும் தடை செய்து, மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி செய்தது. பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவோரைத் தண்டிக்க 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

ஆசிரியரின் கையைச் சட்டம் கட்டிவிட்டது என்பார் உளர். தவறைச் சுட்டவும், படிக்காத பாடத்தை மீண்டும் படிக்கச் சொல்லவும், பெற்றோரை அழைத்துப் பேசவும் எச்சட்டமும் தடையன்று. பறிபோனது பிரம்பு மட்டுமே.

இளைஞர்களே, சட்டம் நமக்குக் கேடயம். ஆசிரியரை மிரட்டும் வாளன்று. நியாயமான கண்டிப்புக்கெல்லாம் புகார் எழுதினால், உண்மைக் கொடுமைக்கு எழுதும் புகார் வலுவிழக்கும்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. நம் சங்கத்தின் இரவுப் பாடசாலையிலும் ஒரு காலத்தில் பிரம்பிருந்தது. நம்மவர் அடித்தால் அது அன்பு என்று எண்ணினோம். அடிக்கு அஞ்சிய சிறுவன் ஒருவன் வருவதை நிறுத்தினான். நாம் தேடிச் சென்றபோது அவன் செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அவன் திரும்பவேயில்லை. அதன் பின்னரே பிரம்பைக் கைவிட்டோம். ஒரு பிள்ளை வராவிட்டால் மறுநாள் மாலையே ஒருவர் அவன் வீட்டுக்குச் செல்வது என்ற வழக்கத்தையும் ஏற்படுத்தினோம்.

வெள்ளிவிழாக் காணும் நம் சங்கத்தில் கற்பிக்க முன்வரும் இளைஞர்கள் இவ்வழக்கத்தைக் காக்க வேண்டும். தேடி வரும் ஆசிரியரைப் பிள்ளைகள் தாமே மதிப்பர்.