மறைந்த ஆயுதமும் மாறி விழுந்த பழியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். படுவான்கரை வயலும் காடும் கலந்த நாடு. யானையும் பன்றியும் பயிரழிக்க வரும் ஆதலின், அங்கே உழவர் வீட்டில் வேட்டைத் துவக்கு இருப்பது புதுமையன்று. நீண்ட குழலுடைய அத்துவக்கைத் தோளிற் சார்த்திச் செல்பவனை ஊரார் யாவரும் காண்பர். அது எவருடையது என்பதையும் அறிவர்.

கைத்துப்பாக்கியின் இயல்பு வேறு. சட்டைக்குள்ளும் கைப்பைக்குள்ளும் அடங்குமாறு அது சிறியதாகச் செய்யப்படுகின்றது. கண்ணுக்குப் புலப்படாமையே அதன் வலிமை. அதுவே அதனால் விளையும் கேடுமாகும். 1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் நாள், கொழும்பில் தமது இல்லத்துக்கு வந்திருந்த பிக்குவை வணங்கிய பிரதமர் பண்டாரநாயக்கா மீது, காவியுடைக்குள் மறைத்துக் கொணரப்பட்ட சுழல்துப்பாக்கி வெடித்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார்.

உயிருக்கு அஞ்சுபவன் தற்காப்புக்கென ஆயுதம் வைத்திருத்தல் தவறாகுமா? தவறென்று இலங்கைச் சட்டம் கூறவில்லை. ஆயினும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அப்பத்திரம் ஆளுக்கு உரியது; ஆயுதத்தோடு கைமாறுவதன்று. ஆகவே, பழைய சைக்கிளை விற்பதுபோலப் பழைய கைத்துப்பாக்கியை விரும்பியவருக்கு விற்றுவிட இயலாது. தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு 2024ஆம் ஆண்டு நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு பணித்ததும் நினைவுகூரத்தக்கது.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கென்று வினவுவோருக்குப் படுவான்கரையின் வவுணதீவு விடை கூறும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், அங்குள்ள காவலரணில் கடமையிலிருந்த பொலிஸார் இருவர் கொல்லப்பட்டனர். அவர்களின் ஆயுதங்கள் பறித்துச் செல்லப்பட்டன. ஆயுதம் எங்கே போயிற்று, யார் கையில் இருக்கின்றது என்பது வெளிப்படவில்லை. ஆனால் ஐயம் மட்டும் விரைந்து ஓரிடத்தைச் சென்றடைந்தது. முன்னாள் போராளி ஒருவர் கைதாகித் தடுத்து வைக்கப்பட்டார்.

மாதங்கள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களிலே குண்டுகள் வெடித்தன. அதன் பின் நடந்த விசாரணையிலேதான், வவுணதீவுக் கொலைகளையும் அக்குண்டுகளை வெடித்த கூட்டத்தினரே செய்தனர் என்பது தெரியவந்தது. முன்னாள் போராளி மே மாதத்தில் விடுதலை பெற்றார். சிறையில் அவர் இழந்த ஐந்து திங்களை மீட்டளிக்க எவராலும் இயலாது. உண்மை முன்னரே தெரிந்திருப்பின், தேவாலயத்தில் மாண்டோரும் பிழைத்திருக்கக்கூடும் என்ற எண்ணமும் நெஞ்சை வருத்துகின்றது.

வேட்டைத் துவக்குக்கு ஊரார் கண்ணே சாட்சி. மறைத்து வைக்கப்படும் ஆயுதத்துக்கோ பதிவேட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. பதிவின்றி அது கைமாறுமாயின், சுட்டவன் மறைந்துகொள்வான். சுடாதவன் பழி சுமப்பான். அனுமதிப்பத்திரம் உடையவனுக்கு மட்டுமன்று, ஆயுதத்தைத் தொட்டறியாத அயலவனுக்கும் அந்தப் பதிவேடே காப்பு.